ஆட்டுக்குட்டியை ஆட்டிப் பார்த்த அத்தை

செய்தி வந்தபோது நான் சிரித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தச் சிரிப்பைக் காதில் வாங்கியவரும் இதைப் படிக்கப் போகிறார்.

அத்தையின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அத்தையின் குரல் இல்லை. "பாப்பா, நான் உங்கத்தையோட ஆபீஸ்ல இருந்து பேசறேன். அத்தை நம்மள உட்டுட்டுப் போயிட்டாங்க கண்ணு" என்று ஒரு பெண் அழுதார். ருக்குமணி அத்தையைத் தெரிந்தவர்களுக்கு நான் ஏன் சிரித்தேன் என்பது விளங்கும். போனில் குரலை மாற்றிப் பேசி ஏமாற்றுவது எங்கள் இருவருக்கும் இடையே இருந்த தீராத போட்டி. கேஸ் கம்பெனி மேனேஜராக, கல்யாணத் தரகராக, ஒருமுறை என் பள்ளித் தலைமையாசிரியையாகவே பேசி என்னைக் கட்டிலிலிருந்து எழுந்து நிற்க வைத்தவர் அவர். அதனால் நான் சொன்னேன்: "கொரல் சூப்பருங்கத்தை. அழுகதான் பத்தல. இன்னொருக்கா அழுங்க, கேக்கலாம்."

அந்தப் பெண் இன்னொருமுறை அழுதார். அதில் நடிப்பு இல்லை என்பது என் காதுக்கு முன்னால் என் கைக்குத் தெரிந்துவிட்டது. போன் நழுவித் தரையில் விழுந்தது.

செல்வி அக்கா, அன்று போனில் நீங்கள் எனக்காக அழவில்லை. ஆனாலும் நான் கேட்டதற்காக அழுதீர்கள் என்றே என் மனத்தில் பதிந்துவிட்டது.

அத்தை நாமகிரிப்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். செல்வி அக்காவுக்கு அவருடைய பக்கத்து மேசை. டீ குடித்துவிட்டு, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று மேசையில் தலை சாய்த்தவர், நிமிரவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அலுவலகத்தில் உள்ளவர்கள் ஒரு நினைவு மலர் போடுவதென்று முடிவு செய்து, என்னை எழுதச் சொன்னார்கள். "நீதான் நல்லா எழுதுவ. ஆனா வெளையாட்டுத்தனமா எழுதிடாத" என்று ஒரு நிபந்தனை. ருக்குமணி அத்தையைப் பற்றி விளையாட்டுத்தனம் இல்லாமல் எழுதுவது, மரவள்ளிக் கிழங்கு இல்லாமல் ஜவ்வரிசி செய்யச் சொல்வது மாதிரி. முடிந்தவரை முயல்கிறேன்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்பதற்கு உறவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். அத்தை வைத்திருந்த காரணம் இது: "வந்து பாத்தவனெல்லாம் பஜ்ஜியப் பத்தியேதான் சாமி பேசுனான். சரி, பஜ்ஜியவே கட்டிக்கட்டும்னு உட்டுட்டேன்." ஊரின் ஓரத்தில், மஞ்சள் காட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். கற்ற கையோடு ஒரு பழைய வெள்ளைக் காரையும் வாங்கிவிட்டார்.

ராசிபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அந்தக் காரில் அவர் முதன்முதலாக வந்ததை எங்கள் தெரு இன்னும் மறக்கவில்லை. கார் நேராக வரவில்லை. வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து விசாரித்துவிட்டு, இடது பக்கம் கொஞ்சம் ஒதுங்கி நலம் கேட்டுவிட்டு, மறுபடி நடுவுக்கு வந்தது.

"ஏனுங்கத்தை, வண்டி ஒறம்பர சொந்தமுன்னு ஊடு ஊடா எட்டிப் பாத்துட்டு வருதாட்டருக்குது?" என்றேன்.

"ஆமா சாமி. மனுசருக்கு இல்லாத பாசம் அதுக்கு இருக்குது" என்று இறங்கினார். கையெல்லாம் வியர்த்திருந்தது.

வெள்ளையாக இருந்தது, சின்னதாக இருந்தது, ஆடியது. ஆட்டுக்குட்டி என்று நான்தான் பேர் வைத்தேன். எல்லாருக்கும் வருஷத்தில் ஒரு மாதம்தான் ஆடி. அத்தைக்கு மட்டும் சித்திரையிலேயே ஆடி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனபோது சிரிப்பு வரவில்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் சக்கரம் கண்டுகொள்ளாது. இன்னும் கொஞ்சம் திருப்பினால், திடீரென்று நினைவு வந்தது போல் திரும்பும். நேர் சாலையிலும் அத்தை இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே இருந்தார். எதிரில் லாரி வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அத்தை பேச்சை நிறுத்தினார் என்றால் ஆபத்து எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்குகளிடம் போனோம். முதலாமவர் டயரில் காற்றைச் சரிபார்த்துவிட்டு, இனி ஆடாது என்றார். வீடு வரும்வரை ஆடியது. இரண்டாமவர் இறங்கிப் பார்க்காமலே, "ஸ்டியரிங்ல பிளே, அதான் ஆட்டம், ஜாஸ்திங்க. ஸ்டியரிங் பெட்டிய மொத்தமா மாத்தோணும்" என்றார். "என்ற மருமகளுக்கும் பிளே ஜாஸ்தி. அவள எங்க போயி மாத்தறது?" என்று என்னைக் காட்டிக் கேட்டுவிட்டு அத்தை வண்டியைத் திருப்பினார். மூன்றாமவர், வண்டியையே மாற்றுங்கள் என்றார். அத்தை அவருக்கு நன்றி சொன்னார். முகம் மட்டும் சுண்டிப்போயிருந்தது.

அப்பா போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். போனில்தான் குடும்பம் நடத்துவார். விஷயம் தெரிந்ததும், "ஏனக்கா, உனக்கு இந்த வயசுல காரு எதுக்கு? வித்துப்போடு" என்றார். நான் அத்தையிடமிருந்து போனைப் பிடுங்கி, எங்கே ஆட்டம் இருக்கிறது என்று நானும் அத்தையுமே கண்டுபிடிக்கிறோம் என்றேன். அப்பா சிரித்தார். பிறகு ஓர் ஒப்பந்தம் போட்டார். அந்த ஒப்பந்தத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "சரி. வண்டி சரியாகற வரைக்கும் ஞாயித்துக்கெழம அத்தை ஊட்டுக்குப் போய்க்க. சரியாயிட்டா அன்னைலிருந்து ஞாயித்துக்கெழம டியூசன். பன்னெண்டாவது, நெனப்புல வெச்சுக்க."

இப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை, ஞாயிற்றுக்கும் விடுமுறை கிடையாது. காலை பஸ்ஸில் ஏறினால் நாமகிரிப்பேட்டையில் அத்தை பலகாரத்தோடு காத்திருப்பார்.

எங்கள் இருவருக்கும் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. போனில் படம் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: ஸ்டியரிங்கிலிருந்து ஒரு தண்டு கீழே இறங்கி நீளமான ஒரு பெட்டிக்குள் போகிறது. பெட்டியின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு கம்பிகள் சக்கரங்களை நோக்கிப் போகின்றன. கம்பி சக்கரத்தைச் சேரும் இடத்தில் உருண்டையாக ஒரு மூட்டு இருக்கிறது. டைராடு எண்டு என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். இத்தனையில் ஏதோ ஒன்று தேய்ந்து தளர்ந்திருக்கிறது. அது எது என்பதுதான் கேள்வி. கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியுமாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் உள்ளங்கையால் பொத்திப் பார்க்க வேண்டும். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்தால், கைக்குள் ஒரு சின்ன 'டக்' கேட்கும். கேட்கும் என்பதைவிடத் தெரியும் என்பதே சரி.

முதலில் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினோம். கட்டை கொடுத்தோம். சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நின்றன. நான் கீழே போனேன்.

"ஆட்டட்டுமா?" என்றார் அத்தை மேலிருந்து.

"ஆட்டுங்க."

"தெரியுதா?"

"தெரியலைங்கத்தை."

அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த ஞாயிறும். வண்டி சாலையில் ஆடியது. எங்கள் கைக்கு மட்டும் நல்ல பிள்ளையாக நடித்தது. ஒருநாள் அத்தை அலுத்துப்போய் இருக்கையிலிருந்து இறங்கினார். காலை ஊன்றியதும், "அய்யோ முட்டி" என்றார். அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாச்சுங்கத்தை?"

"இத்தன நேரம் உக்காந்திருந்தேன் சாமி, முட்டி வலிக்கவே இல்ல. எந்திரிச்சு பாரத்தப் போட்டதும் வலிக்குது." காரைத் திரும்பிப் பார்த்தார். "நாம அதத் தொங்கவெச்சு வெச்சுப் பாத்துட்டிருக்கறோம். சக்கரம் தொங்குனா எல்லாம் லேசாத் திரும்பும், தளந்தது எப்பிடித் தெரியும்? தரையில நின்னு பாரத்தச் சுமக்கறப்பத்தான் அதுக்கு எங்க வலிக்குதுன்னு தெரியும்."

நான் கை தட்டினேன். அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டே குனிந்து வணங்கினார். அன்றுமுதல் அந்த உருண்டைகளை நாங்கள் மூட்டு என்றே சொன்னோம், அத்தையின் முட்டிக்கு மரியாதையாக.

ஆனால் தரையில் நிற்கும் காருக்கு அடியில் மனுஷி எப்படிப் போவது? ஆட்டுக்குட்டிக்கு வயிறு தரையோடு தரை. அதற்கும் வழி வீட்டுப் பக்கத்திலேயே இருந்தது. மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் போகிற சிமென்ட் வாய்க்கால், தண்ணீர் விடாத நாட்களில் காய்ந்து கிடக்கும். ஒரு பக்கச் சக்கரங்கள் இந்தக் கரையில், மறுபக்கச் சக்கரங்கள் அந்தக் கரையில் என்று அத்தை வண்டியை மெல்ல ஓட்டி வந்து வாய்க்காலுக்கு மேல் நிறுத்தினார். கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குச் செங்கல் வைத்தோம். வாய்க்காலில் பாய் விரித்து நான் படுத்தேன். நான்கு கால்களிலும் பாரத்தோடு ஆட்டுக்குட்டி எனக்கு மேலே நின்றது. காட்டுக்காரர் வரப்பில் வந்தவர் நின்று பார்த்தார். "ஏனுங்க டீச்சர், வண்டிக்குத் தண்ணி பாய்ச்சறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அத்தை டீச்சர் இல்லை. கண்ணாடி போட்டவர் எல்லாம் அவருக்கு டீச்சர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கு ஒரு மூட்டு என்று அத்தை சட்டம் போட்டார். அவசரப்பட்டால் கை ஏமாந்துவிடும் என்றார். வலது பக்க மூட்டு ஒரு வாரம். பெட்டியின் போல்ட்டுகள் ஒரு வாரம். தண்டின் இணைப்பு ஒரு வாரம். ஆட்டிப் பார்க்கும் வேலை கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் பேச்சு. முகம் தெரியாததால் அங்கே எதை வேண்டுமானாலும் பேச முடிந்தது. "கீழ படுத்திருக்கறவ பொய் சொல்லக்கூடாது சாமி. சொன்னா மண்ணு காதுல உளுந்துரும்" என்பார். ஒருநாள் நான் சொன்னேன், வகுப்பில் என்னைச் சுற்றி எல்லாரும் சிரிக்கிறார்கள், சிரித்து முடித்ததும் அவரவர் கூட்டத்தோடு போய்விடுகிறார்கள், மதியச் சாப்பாட்டை நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன் என்று. மேலே ஸ்டியரிங் மெதுவாக இப்படியும் அப்படியும் அசைந்தது, தொட்டில் மாதிரி.

கொஞ்சம் கழித்து, "எனக்கு ராத்திரியில ஒரே ஒரு தோசைக்கு அடுப்புப் பத்தவெக்கக் கூச்சமா இருக்கும்" என்றார். "அடுப்பு என்னயப் பாத்து, இவ்வளவுதானான்னு கேக்கறாப்புல இருக்கும்."

நான் சிரிக்க வைக்க எதையோ தேடினேன். அன்று எதுவும் கிடைக்கவில்லை.

இடது பக்க மூட்டின் முறை வந்த ஞாயிறு அத்தை வித்தியாசமாக இருந்தார். விரல்களில் சிவப்பு நெயில் பாலிஷ். "என்னுங்கத்தை, மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வாராங்களா?" என்றேன். "இன்னைக்கு நான் கீழ படுக்கறேன். என்னேரமும் நீயே படுத்தா எனக்கு எப்பிடித் தெரியும்? வண்டி பாக்கட்டுமேன்னுதான் அலங்காரம்" என்றார். இடுப்பில் எதையோ செருகிக்கொண்டு, அந்த முட்டியோடு வாய்க்காலில் இறங்க அவர் பட்ட பாடு தனிக்கதை. நான் முதல்முறையாக ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

"ஆட்டட்டுங்களா?"

"ஆட்டு."

ஆட்டினேன். "தெரியுதுங்களா?"

பதில் வரவில்லை. மறுபடி கேட்டேன். "இரு சாமி, இன்னும் ஆட்டு" என்றார். ஆட்டினேன். வெகுநேரம் கீழே இருந்தார். என்ன செய்கிறார் என்று குனிந்து பார்க்கப் போனபோது, "எறங்காத, எறங்காத, ஆட்டிட்டே இரு" என்று விரட்டினார். கடைசியில் தலையெல்லாம் மண்ணோடு எழுந்து வந்தவர், "ஒண்ணும் ஆடல. எடது பக்கம் கெட்டியா இருக்குது. அடுத்த வாரத்துலிருந்து மறுபடியும் வலது பக்கமே பாக்கலாம். எங்கியோ உட்டுட்டோம்" என்றார். நான் நம்பினேன். எத்தனையோ குரல்களில் என்னை ஏமாற்றியவர். ஆனால் அன்று பேசியது அவருடைய சொந்தக் குரலில்.

அதற்குப் பிறகு அத்தை அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். செல்வி அக்கா, உங்களோடு பஸ்ஸில் வந்த நாட்களைச் சொல்கிறேன். காரணம் கேட்டதற்கு, "பஸ்ல சன்னலோரம் கெடைக்குது" என்றார். "காருல நாலு சன்னலும் உங்களுதுதானுங்களே" என்றேன். "அதுல பக்கத்துல பேச ஆளு இல்லையே" என்றார். கார் வைத்திருக்கிற பஸ் பயணி என்று நான் கேலி செய்தேன். ஆட்டுக்குட்டி சாலைக்கே போகாமல் ஆனது. கொட்டகையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கொட்டகை. ஞாயிறுதோறும் நான் வலது பக்கத்து மூட்டுகளைத் திரும்பத் திரும்பப் பொத்திப் பார்த்து, தெரியலைங்கத்தை, தெரியலைங்கத்தை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் சலிக்காமல் ஆட்டினார்.

கடைசி ஞாயிறு, நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வண்டியைக் கொட்டகையில் விடவில்லையா என்று கேட்டேன். "அடுத்த வாரமும் இங்கதான நிக்கோணும். கெடக்கட்டும் உடு" என்றார். பஸ் ஏற்றிவிட்டுக் கை காட்டினார். நெயில் பாலிஷ் பாதி உரிந்திருந்தது. அந்த வாரத்தின் நடுவில்தான் அந்த அழைப்பு வந்தது.

அப்பா வடக்கிலிருந்து வந்து எல்லாவற்றையும் செய்து முடித்தார். வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். சாமான்களை உறவுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டுக்குட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"சங்ககிரில ஒருத்தரு கேட்டிருக்காரு. பிரிச்சு சாமானா வித்துக்குவாரு. திங்கக்கெழம வந்து எடுத்துட்டுப் போயிருவாரு" என்றார் அப்பா.

"எங்க ஆடுதுன்னு கண்டுபிடிச்சுட்டா?"

"இத்தன நாளா ரெண்டு பேரு பாத்துத் தெரியல. இப்ப நீ ஒருத்தி என்ன பண்ணுவ?"

"கண்டுபிடிச்சா வெச்சுக்கலாமா?"

அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கண்டுபிடிச்சா வெச்சுக்கலாம் போ. அக்கா ஆசப்பட்டது."

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கமான பஸ்ஸில் போனேன். பூட்டிய வீட்டைத் திறக்கவில்லை. நேராக வாய்க்காலுக்குப் போனேன். செங்கல் வைத்தபடி, நாங்கள் விட்ட இடத்திலேயே, மேலெல்லாம் தூசியோடு ஆட்டுக்குட்டி நின்றது. உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். இருக்கை அத்தையின் உயரத்துக்கு இருந்தது. ஆட்டினேன். கீழே யாரும் இல்லை. இறங்கி வாய்க்காலில் படுத்து வலது மூட்டைப் பொத்தினேன். மேலே யாரும் இல்லை. ஆட்டினால் பார்க்க முடியாது; பார்த்தால் ஆட்ட முடியாது. பழக்கதோஷத்தில் "ஆட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். மஞ்சள் காட்டில் ஒரு கொக்கு பறந்தது. அவ்வளவுதான் அசைந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று தெரியவில்லை. காது ஓரம் மண் சில்லென்றிருந்தது. தலையைத் திருப்பியபோது, வாய்க்கால் சுவரில் காய்ந்த சேறு பாளம்பாளமாக வெடித்திருப்பது கண்ணில் பட்டது. அசைகிற இடத்தில் காய்ந்தது வெடிக்கும். அப்படியானால் மூட்டுகளில் எதையாவது பூசிக் காயவிட்டு, மேலே போய் ஆட்டிவிட்டு, இறங்கி வந்து பார்த்தால்? எது தளர்ந்திருக்கிறதோ அங்கே மட்டும் வெடித்திருக்கும். இதற்கு ஓர் ஆள் போதும். தனியாக இருப்பவர்களுக்கான வழி.

பொங்கலுக்கு வாங்கிய சுண்ணாம்பில் மீந்தது கொட்டகையில் இருந்தது. கெட்டியாகக் கரைத்துக்கொண்டு கீழே போனேன். வலது மூட்டில் பூசினேன். பெட்டியின் போல்ட்டுகளில் பூசினேன். தண்டின் இணைப்பில் பூசினேன். இடது பக்கம் அத்தை பார்த்ததுதானே என்று விட்டுவிடப் பார்த்தேன். இருந்தாலும் ஒரு கணக்குக்குப் பூசிவிடலாம் என்று அந்தப் பக்கம் நகர்ந்து, தூசியைத் துடைத்தேன்.

மூட்டின் மேல் சிவப்பாக இரண்டு புள்ளிகள். அவற்றுக்குக் கீழே வளைவாக ஒரு கோடு. நெயில் பாலிஷில் ஒரு சிரித்த முகம், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த முகத்தின் மேல் பூசாமல், அதற்குக் கீழே மூட்டு பிரியும் இடத்தில் மட்டும் சுண்ணாம்பைப் பூசினேன். வெயில் ஏறும்வரை கரையில் உட்கார்ந்திருந்தேன். காய்ந்ததும் மேலே போய் ஆட்டினேன். இறங்கிப் பார்த்தேன். வலது மூட்டில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. போல்ட்டுகளில் அப்படியே இருந்தது. தண்டில் அப்படியே இருந்தது. சிரிக்கிற முகத்துக்குக் கீழே மட்டும் வெடித்து உதிர்ந்திருந்தது.

டிக்கியைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நானாக இருந்தால் அங்கேதான் ஒளித்து வைத்திருப்பேன். ஸ்டெப்னி டயருக்கு அடியில், பழைய சேலைத் துணியில் சுற்றி, கவர் பிரிக்காத புது மூட்டு ஒன்று இருந்தது.

செல்வி அக்காவுக்குப் போன் செய்து, டிக்கியில் கிடைத்ததைச் சொன்னேன். இந்த முறை நான் சிரிக்கவில்லை. அவர்தான் முதலில் தயங்கினார், பிறகு சொன்னார்: "நானுந்தான் கூடப் போனேன் பாப்பா, நாமக்கல்லுக்கு, ஸ்பேர் கடைக்கு. அப்பறம் ஏன் மாத்தாம வெச்சிருக்கீங்கன்னு தெனமும் கேப்பேன். 'ஓட்டாத வண்டிதான செல்வி, அது பாட்டுக்கு ஆடிட்டு இருக்கட்டும். சரியாயிட்டா புள்ள டியூசனுக்குப் போயிருவா. பரிச்ச முடியட்டும், மாத்திக்கலாம்'னாங்க. யாருகிட்டயும் சொல்லாதன்னாங்க."

ஊரில் யாரையாவது ஏமாற்ற வேண்டுமென்றால் என்னிடம் வந்து யோசனை கேட்பார்கள். அந்த என்னை, ஒவ்வொரு ஞாயிறும் வாய்க்காலில் மல்லாக்கப் படுக்கவைத்து, இல்லாத ஆட்டத்தைத் தேடவிட்டு, மேலே உட்கார்ந்து முகம் மாறாமல் "தெரியுதா?" என்று கேட்டிருக்கிறார். போட்டியில் கடைசியாக ஜெயித்தது அத்தைதான். இதைவிடப் பெரிய ஏமாற்று வேலையை என் வாழ்நாளில் என்னால் செய்ய முடியாது. பதிலுக்குப் பதில் செய்யவும் ஆள் இல்லை.

அப்பா சாயங்காலம் வந்தார். காட்டினேன். அவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். நான் கீழே போய், அந்த முகத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "ஆட்டுங்கப்பா" என்றேன். ஆட்டினார். கைக்குள் தெளிவாக 'டக்' என்றது. மறுபடியும். மறுபடியும். அப்பா நிறுத்தவே இல்லை. நெடுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். மேலிருந்து மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. முகம் தெரியாத இடம் அது. யாரும் எதுவும் செய்துகொள்ளலாம். சங்ககிரிக்காரருக்கு அன்றே போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

புது மூட்டு மாட்டியாகிவிட்டது. சக்கரங்களையும் அளந்து நேராக்கினார்கள். அப்பா அதை ராசிபுரத்துக்கு ஓட்டி வந்தார். எங்கள் தெருவில் எந்த வீட்டையும் விசாரிக்காமல், யாரையும் நலம் கேட்காமல், நூல் பிடித்த மாதிரி நேராக வந்து நின்றது. ஆட்டுக்குட்டி என்று கூப்பிட வாய் வரவில்லை. ஒப்பந்தப்படி எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் டியூஷன். எட்டு மணிக்கு நாமகிரிப்பேட்டை பஸ் எங்கள் தெரு முனையைத் தாண்டும்போது மட்டும் கணக்கு தப்பாகப் போகிறது.

அத்தையின் நகை, பாத்திரம், சேலை எல்லாம் பிரிந்து பல வீடுகளுக்குப் போய்விட்டன. நான் கேட்டு வாங்கிக்கொண்டது கழற்றிப் போட்ட அந்தப் பழைய மூட்டு மட்டும்தான். மெக்கானிக் அதைத் துடைக்கப் போனார், கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். என் மேசையில், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களுக்கு மேல், சிவப்பாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மதியம் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வந்த நாட்களில் அதை எடுத்து உள்ளங்கையில் பொத்தி, இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்க்கிறேன். பாரம் இல்லாவிட்டாலும் இப்போது நன்றாகவே ஆடுகிறது.

தெரியுதுங்கத்தை.